முன்கூட்டிக் கேட்ட தேதி

வரிக்கணக்கு எழுதும் காலம் வந்துவிட்டால் அந்த மாடிப்படியில் ஆள் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். கீழே சலவைக் கடை, மேலே ஒற்றை அறை. அறைக்குள் இரண்டு மேசை, ஒரு கணினி, இழுத்தால் பாதி மட்டும் திறக்கிற இரும்பு அலமாரி, காத்திருப்பவர்களுக்கு நான்கு நாற்காலி. நாற்காலி கிடைக்காதவர்கள் படியில் உட்கார்ந்துகொள்வார்கள். சலவைக் கடையின் நீராவி அந்தப் படிவழியாகத்தான் மேலே வரும். மழையில் நனைந்து வந்தவனுக்கு மட்டும் அது சுகமாக இருக்கும். இத்தனை அவஸ்தையிலும் சனம் வந்தது என்றால் அது உள்ளே இருந்த பெண்மணிக்காகத்தான். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாசல் பலகையில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவள் வரியக்கா.

பெரிய கணக்கர் ஒருவரிடம் தட்டச்சு வேலைக்குப் போனவள் அவள். விரல் தட்டிக்கொண்டிருக்கும்போதே காது தொழிலைக் கற்றுக்கொண்டது. பரீட்சைக்கு உட்கார்ந்தாள், கோட்டை விட்டாள், மறுபடி உட்கார்ந்து தேறினாள். கைக்கு உரிமம் வந்ததும் அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இந்த அறையை வாடகைக்குப் பிடித்தாள். வாய் கொஞ்சம் நீளம். ரசீதுகளைக் கசக்கிப் பையில் திணித்துக் கொண்டுவருகிறவனிடம், "இதை அப்படியே கீழ குடுத்துட்டு வா, இஸ்திரி போட்டுத் தருவாங்க" என்பாள். அப்படித் திட்டு வாங்கியவன் அடுத்த வருஷமும் தவறாமல் வருவான். அவள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு அப்புறம் மனிதன் நிம்மதியாகத் தூங்கலாம், அதுதான் காரணம்.

தொழிலில் அவளுக்கு இரண்டு விதி உண்டு. முதலாவது, வேலை நெரிசலான காலத்தில் யாருக்குத் தணிக்கை வந்தாலும் அதைத் தள்ளிப் போடுவது. அதற்கென்றே ஒரு வாசகம் கணினியில் தயாராக இருந்தது: "தவிர்க்க இயலாத காரணங்களால், வேறு தேதி தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்." பெயரை மாற்றுவாள், எண்ணை மாற்றுவாள், அனுப்பிவிடுவாள். கட்சிக்காரரை, அதாவது கணக்கைக் கொடுத்தவரை, கேட்பதெல்லாம் இல்லை. வரி அதிகாரி முன்னால் சீக்கிரமாகப் போய் உட்காரணும் என்று யாருக்காவது ஆசை இருக்குமா என்ன?

இரண்டாவது விதி இன்னும் கறாரானது. தணிக்கை அறையில் கட்சிக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில், அதையும் அவளே சொல்லுவாள். முன்பு ஒரு ரொட்டிக் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டாமல், "எங்க மச்சான் வண்டியிலதான் சார் மாவு வருது" என்று சிரித்துப் பேசப்போக, ஒரு வருஷத்துக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்த அதிகாரி மூன்று வருஷத்துக் கணக்கைக் கேட்டார், கூடவே மச்சானையும் கேட்டார். அன்றிலிருந்து மேசைக்கு அடியில் கட்சிக்காரர் காலுக்குப் பக்கத்திலேயே தன் காலை வைத்துக்கொள்வாள். வாய் திறந்தால் மிதி விழும்.

இந்த இரண்டு விதியும் ஒரே ஆளிடம் அடிபட்டுப்போன கதைதான் இது. அவரைத் தெருவில் பிரேக் அண்ணன் என்பார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தார். பள்ளி என்றால் கட்டடம் எல்லாம் கிடையாது, பழைய கார் ஒன்று, அவ்வளவுதான். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையிலும் பிரேக், கிளட்ச் கட்டைகள் பொருத்திய கார். புதிதாக வருகிறவர்கள் நடுங்கிக்கொண்டு உட்காரும்போது, "பிரேக் என்கிட்ட இருக்கு, நீ பாட்டுக்கு ஓட்டு" என்பார். பெயர் வந்தது அதனால்தான்.

மனிதர் பேச்சுப் பிரியர். கணக்குக் கொடுக்க வந்தால் கணக்கு கால்வாசி, கதை முக்கால்வாசி. எந்தச் சந்தில் எந்த மாணவர் எந்தக் கம்பத்தோடு உறவு கொண்டாடினார் என்பது உட்பட எல்லாம் வரும். வேலை இல்லாத மாதங்களில் வரியக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். நெரிசல் காலத்தில் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவாள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கூடவே வருகிற அண்ணி, அதாவது அவர் மனைவி, இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் "போயிட்டு வரோம்" என்பதைத் தவிர வேறு எதையும் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஒரு வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவரே பேசிவிடுவார் என்று வரியக்கா கேலி செய்வாள்.

அந்த ஆண்டு அவர் கணக்குக்குத் தணிக்கை வந்தது. வருமானத்தைப் பார்த்தால் பெட்ரோல் செலவு மிக அதிகம், நேரில் வந்து விளக்க வேண்டும் என்று வரி அலுவலகம் தேதி குறித்திருந்தது. அறிவிப்பில் ஒரு பிரதி அவருக்குப் போனது, ஒன்று வரியக்காவிடம் வந்தது, அவருக்காக எல்லாம் பார்த்துக்கொள்ள அவள்தானே கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள். அன்றைக்குப் படி நிறைய ஆள். ஒரு கையில் டீ, ஒரு கையில் தொலைபேசி. தயாராக இருந்த வாசகத்தை எடுத்தாள், பெயரை மாற்றினாள், அனுப்பினாள். அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. நெரிசல் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு தேதி. அவளுக்கு வாயெல்லாம் பல். சுவரில் இருந்த நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தாள்.

சில நாள் கழித்து அண்ணனும் அண்ணியும் படியேறி வந்தார்கள்.

"என்ன தங்கச்சி, பாதித் தெரு உன் படியில உட்கார்ந்திருக்கு. இலவசமா ஏதாவது குடுக்கறியா?" என்றார் அவர். குரல் கம்மிப்போய், தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல இருந்தது.

"திட்டுதான் குடுக்கறேன். உங்களுக்கும் ஒண்ணு தரட்டுமா? குரல் ஏன் அண்ணே இப்படி இருக்கு? பேசிப் பேசித் தேய்ஞ்சு போச்சா?"

"அப்படித்தான் வெச்சுக்கயேன்."

"உட்காருங்க. நல்ல சேதி சொல்றேன். உங்க ஆடிட்டைத் தள்ளி வாங்கிட்டேன். கூட்டமெல்லாம் ஓயட்டும், ஆற அமரப் பார்த்துக்கலாம்." நாட்காட்டியைக் காட்டினாள்.

அவர் அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "சரி தங்கச்சி, ரொம்ப நல்லது" என்று எழுந்தார். கதை ஒன்றுகூடச் சொல்லாமல் அந்த மனிதர் எழுந்து வரியக்கா பார்த்ததே இல்லை. அண்ணி எழவில்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் அண்ணி.

"விடு. வேலை நேரத்துல."

அண்ணி விடவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இவருக்குத் தொண்டையில கேன்சர். குரல்வளையையே எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. நீங்க வட்டம் போட்ட தேதிக்கு முன்னாடியே. ஆடிட் முதல்ல முடிஞ்சிடும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம்னு இவர் நினைச்சுக்கிட்டிருந்தாரு."

படியில் யாரோ தும்மினார்கள். வரியக்கா கையில் இருந்த பேனாவை மூடி வைத்தாள். சற்று முன் தேய்ஞ்சு போச்சா என்று கேட்ட தன் வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணே," என்றாள், "நீங்க எதுக்கு வரணும்? உங்களுக்காகப் பேசத்தானே நான் இருக்கேன். பாதிப் பெட்ரோலை விட்டுக்குடுத்துட்டா அவரும் கணக்கை மூடிடுவாரு. நீங்க உடம்பைப் பாருங்க."

"அதைத்தான் வேணாங்கறேன்." அவர் மறுபடி உட்கார்ந்தார். "பாதியை விட்டுக்குடுத்தா அந்தப் பாதி பொய்யினு ஆயிடும் தங்கச்சி. போடாத பெட்ரோலை நான் போட்டதா எழுதினதே இல்ல. அவர் முகத்தைப் பார்த்து, நான் திருடன் இல்லன்னு என் வாயால சொல்லணும். நீ நல்லாத்தான் பேசுவே. ஆனா அது உன் பேச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்புறம் ஏதோ கருவி வெச்சுப் பேசப் பழகலாமாம், மாசக்கணக்குல ஆகுமாம். அதுவும் என் குரலா இருக்காது."

"நான் இப்பவே போய் அவர்கிட்ட விஷயத்தைச் சொல்றேன்."

"அது கூடாது. நோவைச் சொல்லி இரக்கம் வாங்கிட்டு வந்தான்னு ஆகக் கூடாது. முடிஞ்சாக் கேளு, முடியலைன்னா விடு. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

வருத்தம் இல்லை என்று அவர் சொன்னது வரியக்காவுக்கு அடியைவிட அதிகமாக வலித்தது. கேட்டிருக்கலாம். ஒரு போன் போட்டு, அண்ணே, தேதியைத் தள்ளட்டுமா என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மற்ற எல்லாருக்கும் அனுப்பிய அதே வாசகத்தை அவருக்கும் அனுப்பினாள். தவிர்க்க இயலாத காரணம் என்று எழுதினாள். அந்தக் காரணம் அவளுடைய படியில் உட்கார்ந்திருந்த கூட்டம்.

அன்று மத்தியானமே, அறையைத் தன் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு வரி அலுவலகத்துக்குப் போனாள். அவர் பேருந்துப் பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். நெரிசல் காலத்தில் டீ வாங்குவதும் போன் எடுப்பதும் அவர் வேலை. "மேடம் எப்ப வருவாங்கன்னு கேட்டா என்ன சொல்ல?" என்றார். "வருவாங்கன்னு சொல்லுங்க" என்று படியிறங்கிவிட்டாள்.

அந்த வழக்கைப் பார்த்த அதிகாரிக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் வைத்திருந்த பெயர் கத்தரி. எந்தச் செலவைக் காட்டினாலும் ஓரத்தில் கொஞ்சம் நறுக்காமல் விட மாட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கோப்புகளுக்கு நடுவே தலை மட்டும் தெரிந்தது.

"தள்ளித்தான் குடுத்தாச்சே. இன்னுமா தள்ளணும்?" என்றார் நிமிராமலேயே.

"இல்ல சார். முன்னாடி வேணும்."

இப்போது நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"பழைய தேதியையே திருப்பிக் குடுத்தாலும் சரி."

"அது வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேருந்து முன்னாடி வேணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். அதுவும் இந்த மாசத்துல. என்ன காரணம்?"

வரியக்காவுக்குச் சொல்லத் துடித்தது. ஒரே ஒரு சொல் போதும், அவர் இறங்கி வந்துவிடுவார். அந்தச் சொல்லைத்தான் அண்ணன் சொல்லக் கூடாது என்றிருந்தார்.

"காரணம் எழுதிக் குடுக்கணும், சும்மா மாத்த முடியாது" என்று ஒரு தாளைத் தள்ளினார் அதிகாரி. அவள் நின்றபடியே யோசித்து எழுதினாள்: "என் கட்சிக்காரர் தன் பதிலைத் தானே சொல்ல விரும்புகிறார்."

கத்தரி அதை வாசித்தார். "உங்க கட்சிக்காரரா? உங்க ஆளுங்க எல்லாம் என் ரூமுக்குள்ள வந்தா வாயைத் தைச்சுக்கிட்டுத்தானே உட்காருவாங்க." அவரளவில் அது நகைச்சுவை. வரியக்கா சிரிக்கவில்லை. கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டவராகத் தன் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"ஒரே ஒரு காலை நேரம்தான் இருக்கு. கணக்குத் தாக்கல் பண்ற கடைசி நாள். அன்னைக்குக் கணக்கு எழுதறவங்க யாரும் இந்தப் பக்கமே தலை வெக்க மாட்டாங்க, அதான் காலியா கிடக்கு. உங்களுக்கு ஆகுமா?"

கடைசி நாள் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வருஷம் முழுக்கத் தூங்கிவிட்டு அன்றைக்குத்தான் பாதிச் சனம் கண் விழிக்கும். அன்றைய காலைப்பொழுது போனால் பல பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள், சிலர் திரும்பியே வர மாட்டார்கள்.

"ஆகும் சார்" என்றாள்.

அந்தத் தேதி அறுவைச் சிகிச்சைக்கு நான்கு நாள் முந்தியது. இடைப்பட்ட நாட்களில் முடிந்த மட்டும் வேலையை முன்னால் இழுத்தாள். கடைசி நாளில் வர இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு முன்பே வரச் சொன்னாள். பாதிப் பேர் வந்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் மட்டும், "நாலு வருஷமா கடைசி நாள்தானே வர்றேன், இப்ப என்ன புதுசா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தன் தாள்களைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. போகட்டும் என்று விட்டாள்.

அன்றைக்குக் காலையில் மூவரும் வரி அலுவலகத்து நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். அண்ணி தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்திருந்தாள். அவரை இரண்டு நாளாகப் பேசவிடாமல் குரலைச் சேர்த்து வைத்திருந்தாளாம். கூப்பிட்டதும் வரியக்கா பழக்கதோஷத்தில், "அண்ணே, கேட்டதுக்கு மட்டும்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டாள். "வாங்க" என்றாள்.

அறை சிறியது. மேசை, அதற்கு எதிரே மூன்று நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி. கத்தரி நேரடியாக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரே கார். நீங்க வாங்கற கட்டணத்தையும் உங்க வருமானத்தையும் பார்த்தா, வருஷத்துக்கு இத்தனை பேருக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்க முடியும். இந்த பெட்ரோலுக்கு அதுபோல ரெண்டு மடங்கு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். ஒண்ணு வருமானத்தை மறைச்சிருக்கீங்க, இல்ல செலவை ஏத்தியிருக்கீங்க. எது?"

"சார், நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

வரியக்காவின் கால் தானாக நகர்ந்தது. அதை இழுத்து நாற்காலிக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"ஓட்டுவேன்" என்றார் அதிகாரி.

"டெஸ்ட்ல முதல் தடவையே தேறிட்டீங்களா?"

கத்தரி கோப்பைப் பார்த்துக்கொண்டார். "இல்ல."

"மறுபடி கத்துக்கக் காசு குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"என்கிட்ட வந்திருந்தா குடுத்திருக்க வேணாம். ஒருத்தர்கிட்ட நான் ஒரு தடவைதான் வாங்குவேன். அப்புறம் தேறற வரைக்கும் என் பொறுப்பு. ஒரு தையல்கார அம்மா வந்தாங்க. பையனுக்குக் கால் சரியில்ல, பள்ளிக்கூடத்துக்கு அவங்கதான் கூட்டிக்கிட்டுப் போகணும். பயம்னா அப்படி ஒரு பயம். எதிர்ல சைக்கிள் வந்தாலே கண்ணை மூடிக்குவாங்க. வருஷத்துல முக்கால்வாசி நாள் என் வண்டியிலதான் இருந்தாங்க. எல்லாம் முதல் கியர்ல. முதல் கியர்ல ஊர்ந்தா வண்டி பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்கும் சார். மூணு தெரு தாண்டியிருக்காது, டேங்க் காலியாகும்." குரல் உடைந்தது. தண்ணீர் குடித்தார். விழுங்கச் சிரமப்படுவது முகத்தில் தெரிந்தது.

"சரி, புரியுது" என்று கத்தரி பேனாவை மூடினார். "சிரமப்படாதீங்க. மீதியை இவங்க சொல்லட்டும்."

"அவர் இன்னும் முடிக்கல சார்" என்றாள் வரியக்கா.

அதிகாரி அவளை வியப்போடு பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அண்ணன் பேசினார். தேறாதவர்களைப் பற்றி, மழையில் மைதானம் சேறானதைப் பற்றி, தேறினவர்கள் முதன்முதலாக வீட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போவதைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நின்று நின்று, ஆனால் அவசரமில்லாமல் பேசினார். கடைசியில், "சம்பாதிச்சது கம்மிதான் சார். பொய் கிடையாது" என்றார். வரியக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். மனிதருக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணு மட்டும் இருக்கு. ஞாயித்துக்கிழமைல பொண்டாட்டியை அதே வண்டியில வெளிய கூட்டிக்கிட்டுப் போவேன். அந்த பெட்ரோலை இந்தச் செலவுக் கணக்குலேருந்து நான் எடுக்கல."

யாரும் கேட்காத விஷயம். வரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கத்தரி பேனாவைத் திறந்து அந்த ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் நறுக்கினார். மீதி முழுவதையும் அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது, "தொண்டைக்கு என்ன?" என்று கேட்டார்.

"அதிகமாப் பேசிட்டேன் சார்" என்றார் அண்ணன்.

வரியக்காவை அறையில் இறக்கிவிடுவதாக அவர்தான் சைகை காட்டினார். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து, காலடியில் இருந்த கட்டைகளில் கால் பட்டுவிடாமல் ஒடுக்கிக்கொண்டாள். அண்ணி பின்னால் ஏறினாள். பெண்கள் கற்றுக்கொள்ள வரும் நாட்களில் துணைக்கு அவள் வழக்கமாக உட்காரும் இடம் அது.

மேட்டுத் திருப்பத்தில் முன்னால் ஒரு பயிற்சி வண்டி நின்றுபோயிருந்தது. ஓட்டிய பெண் திரும்பத் திரும்பக் கிளப்பப் பார்த்தாள், வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். பின்னால் வரிசையாக ஹாரன். அண்ணன் பொறுக்க மாட்டாமல் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி முயன்றார். வரியக்காவால் அதைப் பார்க்க முடியவில்லை.

பின்பக்கக் கண்ணாடி இறங்கியது. "அம்மாடி, இங்க பாரு" என்றாள் அண்ணி. "ஹாரன் அடிக்கறவன் அடிக்கட்டும், அவனுக்கு வேற வேலையில்ல. கிளட்ச்சை ஒரேயடியா விடாதே. பாதி விட்டுட்டு நில்லு. வண்டி லேசா நடுங்கும் பாரு, அப்ப ஆக்சிலேட்டரைக் குடு." அந்தப் பெண் அப்படியே செய்தாள். வண்டி மேட்டில் ஏறிப் போயிற்று.

அண்ணன் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் இருந்த மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன பார்க்கறீங்க? இத்தனை வருஷம் பின் சீட்டுல சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"இப்ப வேணாம்" என்றாள் அண்ணி. "அதிகாரிகிட்டப் பேசியாச்சு, ஊரெல்லாம் பேசியாச்சு. இன்னும் நாலு நாள் இருக்கு. மிச்சத்தை எனக்கு வைங்க."

பின்னால் இருந்தவர்கள் மறுபடி ஹாரன் அடித்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.